இடைவேளைக்குப் பின் வாசித்தவை

இசையரங்கத்தின் ஆவணப் பிரிவில் அவளுக்குத் தேதியக்கா என்று பெயர். யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், போஸ்டரோ புகைப்படமோ கிழிந்த டிக்கெட்டோ, அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "தேதி என்ன?" என்பதுதான். அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால்கூடக் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பஸ் பணிமனை மெக்கானிக்கின் மகள். பள்ளி முடித்ததும் தட்டச்சு கற்றுக்கொண்டு வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்கு என்ன ஒலிபரப்பாகிறது, யார் வாசிக்கிறார்கள், எத்தனை நிமிடம் என்பதைத் தட்டச்சு செய்து அறிவிப்பாளர் மேஜையில் வைக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் நேரலையில் அறிவிப்பாளர் மாட்டிக்கொள்வார். பிறகு இவளைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பயத்திலேயே மேற்கத்திய இசையின் பெயர்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டன. காதும் பழகியது. நிலையத்தில் ஆள் குறைப்பு வந்தபோது அரங்கத்துக்கு மாறினாள். நாற்பத்தைந்து வயதில், இரும்பு அலமாரிகள் நிறைந்த தரைத்தள அறை ஒன்றுக்கு அவள்தான் பொறுப்பு.

நாடறிந்த பியானோ கலைஞர் மேடையேறி அறுபது ஆண்டுகள் நிறைவதை ஒட்டி அரங்கம் ஒரு புத்தகம் போட முடிவு செய்தது. அவர் வாசித்த ஒவ்வொரு கச்சேரியும் அதில் இருக்க வேண்டும்: எந்த நாள், எந்த ஊர், என்னென்ன வாசித்தார், எந்த வரிசையில். அரங்க இயக்குநர் அதைச் சுலபமான வேலை என்றுதான் நினைத்தார். அச்சடித்த நிகழ்ச்சி நிரல்களை எடுத்து வரிசையாக அடுக்கினால் முடிந்தது.

அங்கேதான் சிக்கல். அந்த அம்மாள் அச்சடித்ததை அச்சடித்தபடி வாசித்ததே அபூர்வம். மேடையில் வந்து உட்கார்ந்து, ரசிகர்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு அது வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறொன்றை ஆரம்பித்துவிடுவார். அதனால் தேதியக்கா ஒவ்வொரு கச்சேரிக்கும் வெளிச்சாட்சி தேடினாள். பத்திரிகை விமர்சனம், வானொலிப் பதிவு, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் எழுதிவைத்த குறிப்பு, யாரோ ஒரு ரசிகர் நிகழ்ச்சி நிரலில் பென்சிலால் அடித்துத் திருத்தியது. இரண்டு சாட்சியாவது ஒத்துப்போனால்தான் எழுதுவாள். கலைஞரிடமே கேட்கலாம் என்றால் அவர் ஒரு காகிதத்தையும் சேர்த்துவைத்தவரில்லை. வாரம் ஒருமுறை திருத்தப் பிரதிகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதையெல்லாமா நான் வாசிச்சேன்? பாவம் ஜனங்க" என்பார்.

அந்த வீட்டில் அவருடைய தங்கை மகன் எப்போதும் கூடவே இருப்பார். பெரியம்மாவின் கணக்கு வழக்கு, பயணம், மாத்திரை எல்லாம் அவர் பார்வையில்தான் நடக்கும். புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. முதல் சந்திப்பிலேயே தேதியக்காவை வாசல்வரை வந்து வழியனுப்பியவர், ஒரு நிபந்தனை போட்டார். தீப்பிடித்த அந்தக் கச்சேரியைப் பற்றி மட்டும் பெரியம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. கேட்டால் நாலு நாள் சாப்பிட மாட்டார், இதயம் வேறு பலவீனம் என்றார்.

அந்தக் கச்சேரியைத் தெரியாதவர் யார்? சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு துறைமுக நகரத்தில், நிரம்பி வழிந்த அரங்கத்தில் இடைவேளை முடிந்து பல பகுதிகள் கொண்ட நீண்ட சொனாட்டா ஒன்றை அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கிடங்கில் தீப்பிடித்தது. மின்சாரம் நின்றது. இருட்டு, புகை. கூட்டம் எழுந்து கதவுகளை நோக்கிப் பாய்ந்தது. மிதிபட்டே நூறு பேர் செத்திருக்க வேண்டியது. அந்த நேரத்தில் மேடையிலிருந்து பியானோ மறுபடி கேட்டது. வாசிக்கிறவரே பயப்படவில்லை என்று ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். ரசிகர்களில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. அரங்க ஊழியர்களில் ஒரு இளம்பெண் மட்டும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனாள். மறுநாள் பத்திரிகைகள் பியானோ கலைஞரைத் தெய்வமாக்கின. பிறகு அங்கே புதிதாகக் கட்டிய அரங்கத்தின் முகப்பில் அவர் பெயரில் கல்வெட்டும் வைத்தார்கள். தங்கை மகனின் முன்னுரை அந்தக் காட்சியோடுதான் தொடங்கியது.

தேதியக்காவுக்கு அந்த வீரத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். மின்சாரம் நின்ற பிறகு வாசித்தது எது?

சொனாட்டாவையே தொடர்ந்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. தாலாட்டு என்றது இன்னொன்று. ஞாபகக் கட்டுரை எழுதிய ஒருவர், தன் மகள் வீட்டில் பழகும் பாடம் போல இருந்தது, ஒரு மேதை எளிமையாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது என்று உருகியிருந்தார். மூன்று சாட்சி, மூன்று விதம். அந்த நகரத்து அரங்கத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் இன்னும் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து அவருக்கு போன் செய்தாள். கிழவர் உற்சாகமாகப் பேசினார். என்ன வாசித்தார் என்று பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் மறக்கவும் முடியாது என்று சொல்லி, போனிலேயே முணுமுணுத்துக் காட்டினார்.

அவளுக்கு அந்த மெட்டுத் தெரியும். பியானோ கற்கும் குழந்தைகள் முதல் வருடத்தில் வாசிக்கும், அணிநடைத் தாளத்தில் அமைந்த நடைப்பாட்டு. வானொலியில் சிறுவர் நிகழ்ச்சிக்கு அதை எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறாள்.

இதற்குள் அச்சகத்திலிருந்து நெருக்கத் தொடங்கிவிட்டார்கள். விழாவுக்கு அழைப்பிதழ் போயாகிவிட்டது. மற்ற பக்கங்கள் எல்லாம் தயார். இந்த ஒரு பக்கம் மட்டும் பாக்கி. சொனாட்டா என்று போட்டுவிட்டு ஆளை விடு என்றார் இயக்குநர். இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு அவள் தன் பழைய வானொலி நிலையத்துக்கு ஓடினாள். அந்தக் கச்சேரியை வெளியே வேனிலிருந்து பதிவு செய்திருந்தார்கள் என்று அங்கே வேலை பார்த்தபோது கேள்விப்பட்டிருந்தாள். மேடை மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வேன் பேட்டரியில் ஓடின. அரங்கத்தில் விளக்கணைந்தாலும் நாடா சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒலிபரப்பாகாத நாடாக்கள் போட்டிருந்த மாடி அறையில் ஒருநாள் முழுக்கத் தும்மிக்கொண்டே தேடி, அதைக் கண்டெடுத்தாள்.

தனியாகக் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அரங்கத்துப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவரைக் கூட உட்காரவைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு இருவரும் கேட்டார்கள்.

சொனாட்டா பாதியில் நின்றது. ஏதோ கத்தல். நாற்காலி சரியும் சத்தம், மரத்தரையில் வேகமான காலடி. பிறகு கூட்டத்தின் இரைச்சல், கடல் மாதிரி. அது ஏறிக்கொண்டே போனது. ஒரு குழந்தை யாரையோ கூப்பிட்டது. தேதியக்கா தன் முழங்கையைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, மிக அருகில், அந்த நடைப்பாட்டு. தட்டுத்தடுமாறி ஆரம்பித்தது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இடது கை பிசகியது. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, செருப்புகள் உரசும் ஓசை மட்டுமாக ஆகியது.

சுருதி சேர்ப்பவர் நாடாவை நிறுத்தினார். 

"காலால பெடலே மிதிக்கல, கவனிச்சீங்களா?" என்றார். "பியானோவுக்கு நேரா உட்கார்ந்து வாசிக்கிறவங்க இல்ல இது. பக்கத்துல இருந்து, கையை நீட்டி வாசிக்கிறாங்க."

பியானோவுக்குப் பக்கத்தில், இடது புறம், நாற்காலி போட்டு உட்காருகிறவர் ஒருவர் உண்டு. வாசிப்பவருக்காக இசைத்தாளின் பக்கங்களைத் திருப்புகிறவர். அவர் பெயர் எந்த நிகழ்ச்சி நிரலிலும் வராது. 

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்துக் கடையின் பின்பக்கம் நின்று பேசினார்கள். அவர் வழக்கம்போல் கேலி செய்யவில்லை. சொனாட்டா என்று போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்றாள். உண்மையைப் போட்டால்? வேலை போகலாம், அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடலாம் என்றாள். அவர் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே யோசித்தார். பிறகு, அந்தப் பக்கம் திருப்பியவர் இருக்கிறாரா செத்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ளாமல் இவ்வளவு பேசுகிறாயே என்றார்.

அன்றைக்குப் பக்கம் திருப்பியவர் யார் என்பதும் டிக்கெட் கிழித்தவருக்குத் தெரிந்திருந்தது. "அதுவா? ஸ்டேஷன் பக்கத்துல சலவைக் கடை வெச்சிருக்கே, அந்தப் பொண்ணுதான்" என்றார். அந்தப் பொண்ணுக்கு இப்போது அறுபது தாண்டியிருந்தது. போன் செய்து விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே வைத்துவிட்டார். தேதியக்கா மறுநாள் காலை ரயிலில் கிளம்பினாள்.

நீராவி நிறைந்த சின்னக் கடை. கம்பியில் கோட்டுகள் உறைகளுக்குள் தொங்கின. வாடிக்கையாளர் என்று நினைத்து ரசீதுக்குக் கை நீட்டிய அம்மாள், இவள் யார் என்று தெரிந்ததும் கையை மடக்கிக்கொண்டு இஸ்திரி மேஜைக்குத் திரும்பிப்போனார். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. தேதியக்கா நின்றாள். இரண்டு சட்டைகள் மடிந்தன. மூன்றாவதில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"தைரியமா வாசிச்சேன்னு எழுதப்போறீங்களா?"

"என்ன நடந்துச்சோ அதை எழுதணும்மா."

"கால் வரல. அதுதான் நடந்துச்சு. எல்லாரும் ஓடினாங்க, எனக்கு எழுந்திருக்க முடியல. கை மட்டும்தான் அசைஞ்சுது. எனக்குப் பார்க்காம வாசிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். யாரையும் காப்பாத்த வாசிக்கல. வாசிக்கிறதை நிறுத்தினா செத்துடுவேன்னு தோணுச்சு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அரங்கத்தில் ரசிகர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கும் அறையில் இருந்தாளே ஒருத்தி, புகையில் போனவள், அவள் தன்னோடு படித்தவள் என்று சொன்னார். பக்கம் திருப்புகிற வேலையைத் தனக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அவள் அறை மேடைக்குப் பின்னால் இருபதடி தூரத்தில்.

"நான் அவளைத் தேடிப் போகல. உட்கார்ந்து பாட்டு வாசிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப நீங்க என் பேரைப் போட்டு, நாலு பேர் மாலையைத் தூக்கிக்கிட்டு வந்தா, நான் முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? பியானோக்காரம்மா பேர்லயே இருக்கட்டும். எனக்கு அதுதான் நிம்மதி."

தேதியக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். எதற்கும் அவர் பிடி கொடுக்கவில்லை. தன் பெயர் வரக் கூடாது என்ற வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அதற்குப் பிறகு தன்னை ஒருதரம்கூடத் தேடவில்லை, அதில் கோபமில்லை, ஆனால் ஏன் என்று மட்டும் சில சமயம் தோன்றும் என்றார்.

திரும்பும் ரயிலில் அவளுக்கு ஒரு வழியும் புலப்படவில்லை. வாசித்தவரே மறைக்கச் சொல்கிறார். வாசிக்காதவருக்குப் புகழ். இரண்டு பேரும் இதை விரும்புகிறார்கள் என்றால் நடுவில் நுழைந்து கெடுக்க இவள் யார்? சொனாட்டா என்று போடவும் கை வரவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தில் இடைவேளைக்குப் பின் என்பதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டாள். தகவல் கிடைக்கவில்லை என்று இயக்குநரிடம் சொல்லிக்கொள்ளலாம். பொய்தான். மென்று விழுங்கிச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

ஆனால் அந்த வாரத் திருத்தப் பிரதிகள் கலைஞரின் கைக்குப் போயாக வேண்டும். அதுதான் கடைசித் தொகுதி.

அவர் பெரிய ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தங்கை மகன் சற்றுத் தள்ளி, கையில் தண்ணீர் தம்ளரோடு. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இந்த நேரத்தில் ஏதாவது ஒரு போன் வரக் கூடாதா என்று தேதியக்கா வேண்டிக்கொண்டாள். வரவில்லை. அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"இது ஏன் காலியா இருக்கு?"

தங்கை மகன் முந்திக்கொண்டார். அச்சுக்கோப்பில் விட்டுப்போயிருக்கும் பெரியம்மா, சொனாட்டாதான், சேர்த்துவிடுவார்கள் என்றார். தேதியக்காவைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"நான் இவங்களைக் கேட்டேன்" என்றார் கலைஞர்.

சொனாட்டா என்ற ஒரு சொல் போதும். எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். தேதியக்கா அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொனாட்டா விளக்கு அணையும்போதே நின்னுடுச்சு மேடம். அதுக்கப்புறம் வாசிச்சது வேற. அது தெரியும். ஆனா எழுத வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

தங்கை மகன் எழுந்துவிட்டார். இந்தப் பேச்சு போதும், நீங்கள் கிளம்பலாம் என்றார். கலைஞர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்காரச் சொன்னார். பிறகு, எதை வைத்துச் சொல்கிறாய் என்று தேதியக்காவைக் கேட்டார். நாடா இருக்கிறது என்றாள். அது இப்போது உன்னிடம் இருக்கிறதா என்றார். போனில் நகல் இருந்தது. "போடு" என்றார்.

அந்த அறையில் அந்தச் சத்தங்கள் எல்லாம் மறுபடி நடந்தன. சொனாட்டா நின்றது. நாற்காலி சரிந்தது. காலடி ஓடியது. அவர் கண்ணை மூடவில்லை, பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடைப்பாட்டு ஆரம்பித்ததும் அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. தங்கை மகன் மாத்திரையை எடுத்தார். கலைஞர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். முதல் தடவை முடிந்து, இரண்டாம் தடவை முடிந்து, மூன்றாம் தடவையின் நடுவில், "இவ்வளவு நேரமா வாசிச்சா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

தேதியக்கா போனை அணைத்தாள். அவராகவே பேசினார்.

"யாரோ என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. நானும் ஓடினேன். பக்கத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தாளேன்னு தெருவுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. உள்ள பியானோ கேட்டுது. அப்புறம் நின்னுடுச்சு. அரங்கத்துல வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி போயிட்டான்னு காலைல சொன்னாங்க. பேர் கேட்கல. பேப்பர்ல போட்டிருப்பாங்களேன்னு அன்னியிலேர்ந்து நான் பேப்பரே எடுக்கல. கேட்டா அவதான்னு தெரிஞ்சுடும். கேட்காம இருந்தா…" 

தங்கை மகன் தம்ளரோடு அப்படியே நின்றார். முன்னுரையில் தான் எழுதியது பொய் என்று புரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

தேதியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷி அந்தப் பெண்ணைத் தேடாததன் காரணம் இதுவா? இத்தனை வருடமும் ஒரு சாவைத் தோளில் போட்டுக்கொண்டா மேடை மேடையாக ஏறி வாசித்தார்?

"மேடம், அது அவங்க இல்ல. கோட் ரூம்ல இருந்தவங்கதான் தவறிட்டாங்க. பக்கம் திருப்பினவங்க உயிரோட இருக்காங்க."

"என்னைச் சமாதானப்படுத்தாத."

"முந்தாநாள் அவங்க கடையில நின்னு பேசிட்டு வந்தேன் மேடம். எழுத வேண்டாம்னு சொன்னதே அவங்கதான். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க."

அவர் எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்தார். தங்கை மகன் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.  அப்புறம் அவர் கேட்ட கேள்வியை தேதியக்கா கடைசிவரை மறக்கவில்லை.

"குண்டா ஆயிட்டாளா? ரொம்ப ஒல்லியா இருந்தா."

சலவைக் கடைக்குப் போக வேண்டும் என்றார் கலைஞர். டாக்டர் வந்து பார்த்துப் பயணம் கூடாது என்றார். அவர் கேட்கவில்லை. அந்த வார இறுதியில் தங்கை மகன் காரை ஓட்ட, பின் இருக்கையில் கலைஞரும் தேதியக்காவும். முன்கூட்டி போனில் கேட்டபோது சலவைக் கடை அம்மாள் வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் இவர்கள் போய் இறங்கியபோது கடைக் கதவில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கியது, கதவு சாத்தியிருக்கவில்லை.

கலைஞர் மட்டும் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. தேதியக்காவும் தங்கை மகனும் காரில் காத்திருந்தார்கள். அவர் வழிநெடுக அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, சின்ன வயதில் இந்தக் கதையைத் தினமும் சொல்லச் சொல்லி அழுவேன், பெரியம்மா ஒருநாளும் சொன்னதில்லை, அடக்கம் என்று நினைத்தேன் என்றார். ஏதோ சத்தம் கேட்டதுபோல் இருவரும் ஒரே சமயத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் சார் என்றாள்.  உள்ளே இருக்கும் இருவரில் ஒருவருக்கு இதயம் பலவீனம். மற்றவர் இவர்களை வரச் சொல்லவேயில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அது தன் தலையில்தான்.

கதவு திறந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன. உள்ளே என்ன பேசினார்கள் என்று தேதியக்காவுக்குக் கடைசிவரை தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. சலவைக் கடை அம்மாள் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"எழுதிக்குங்க. என் பேர் வேண்டாம், பக்கம் திருப்பினவங்கன்னு போட்டா போதும். ஆனா அவ பேர் வரணும். கோட் ரூம்ல இருந்தவ. முழுப் பேர், தலைப்பெழுத்தோட. பேப்பர்ல ஊழியர்னு மட்டும்தான் போட்டாங்க."

தேதியக்கா அந்தப் பெயரைக் கேட்டு எழுதி, எழுத்துக்கு எழுத்து படித்துக் காட்டினாள்.

இயக்குநர் குதித்தார். விழாவைக் கெடுத்துவிட்டாய் என்றார், இவள் பேரில் மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். அச்சகம் தாமதத்துக்குக் கத்தியது. தேதியக்கா இரண்டு நாள் வேலைக்குப் போகும்போது மேஜை தனக்கு இருக்குமோ இருக்காதோ என்ற நினைப்போடுதான் படியேறினாள். மூன்றாம் நாள் கலைஞரே இயக்குநருக்கு போன் செய்தார். அந்தப் பக்கம் அப்படியே வராவிட்டால் விழாவுக்குத் தான் வரப்போவதில்லை என்பதைத் தவிர அவர் வேறொன்றும் பேசவில்லை. தங்கை மகன் முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டே பத்தியில் வேறு எழுதிக் கொடுத்தார். அது முன்னதைவிட நன்றாக இருந்தது என்பது தேதியக்காவின் கருத்து, அவரிடம் சொல்லவில்லை.

புத்தகத்தில் அந்தப் பக்கம் இப்படி வந்தது. இடைவேளைக்குப் பின்: சொனாட்டா, மின்சாரம் தடைப்பட்டதால் பாதியில் நின்றது. இருட்டில், ரசிகர்கள் வெளியேறி முடியும்வரை: குழந்தைகளுக்கான நடைப்பாட்டு, பலமுறை. வாசித்தவர்: பக்கம் திருப்பியவர். அதற்குக் கீழே, அந்த மாலை உயிரிழந்த பெண்ணின் பெயர்.

பத்திரிகைகள் சில நாள் அரங்கத்தை மொய்த்தன. பக்கம் திருப்பியவர் யார் என்று தேதியக்காவைத் துளைத்தெடுத்தார்கள். அவள் கதவைத் திறந்து, "தேதி வேணும்னா சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினாள். கலைஞரை ஏசி எழுதியவர்களும் உண்டு. அவர் அதையெல்லாம் வரவழைத்துப் படித்தார் என்று தங்கை மகன் பிற்பாடு சொன்னார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் பேப்பர் விழத் தொடங்கியிருந்தது.

துறைமுக நகரத்து அரங்கக் கல்வெட்டை என்ன செய்வது என்று ஒரு குழு அமைத்தார்கள். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. சலவைக் கடை அம்மாளும் கலைஞரும் வாரம் ஒருதரம் போனில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பேசவே விடமாட்டேங்கறா என்று கலைஞர் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். அதற்கடுத்த ஆண்டு அவர் இறந்தபோது, கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு வயதான பெண் யாரோடும் பேசாமல் நின்றிருந்துவிட்டுப் போனார். தேதியக்கா அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நிருபர் யார் அது என்று கேட்டதற்கு, தூரத்துச் சொந்தம் என்றாள்.